காபி மணக்கும் மூலிகை லிக்யூர்: ருசி பார்க்கும் முன் நம்ம ஊர்க்காரர்கள் கேட்கும் கேள்விகள்

ஜெர்மனியில் வேலை பார்க்கும் மச்சான் விடுமுறைக்கு வரும்போது காபி சேர்த்த மூலிகை லிக்யூர் ஒரு பாட்டில் கொண்டு வருகிறார். பெங்களூரில் வேலைக்குப் போகும் ஓசூர்ப் பிள்ளைகள் அங்கே ஒரு பாரில் பார்த்துவிட்டு வந்து விசாரிக்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இப்போது இந்தக் கேள்விகள் அடிக்கடி வருகின்றன. எனக்கு ருசி பார்ப்பதில் தீராத ஆர்வம் உண்டு. காபி, தேன், மாம்பழம், மது எதுவானாலும் அவசரப்படாமல் மோந்து, நிதானமாக நாக்கில் வைத்துப் பார்க்கப் பிடிக்கும். அந்த அனுபவத்திலிருந்துதான் பதில் சொல்கிறேன்.

இது 21 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். தமிழ்நாட்டில் சட்டப்படியான வயதும் அதுதான். குடிக்காதவர்களுக்கும் கடைசிப் பக்கத்தில் ஒரு வழி சொல்லியிருக்கிறேன்.

இது காபியா, மருந்தா, சாராயமா?

இனிப்பூட்டிய மது. லிக்யூர் என்றாலே சர்க்கரை கட்டாயம். ஐரோப்பிய விதிப்படி ஆல்கஹால் குறைந்தது 15 சதவீதம் இருக்க வேண்டும், சர்க்கரை லிட்டருக்குக் குறைந்தது 100 கிராம் இருக்க வேண்டும் (ஒன்றிரண்டு வகைகளுக்கு மட்டும் சலுகை உண்டு). அந்த மதுவில் வேர், பட்டை, விதை, பூ, பழத்தோல் எல்லாம் ஊறினால் மூலிகை லிக்யூர். அதோடு காபியும் சேர்ந்தால் நாம் பேசும் சரக்கு.

பலரும் கேட்பது யேகர்மைஸ்டர் கோல்ட் ப்ரூ காபி. ஜெர்மனியின் வோல்ஃபன்பியூட்டல் என்ற ஊரில் வினிகர் வியாபாரம் செய்த குடும்பத்தைச் சேர்ந்த குர்ட் மாஸ்ட் என்பவர் 1935-ல் யேகர்மைஸ்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதில் 56 வகை மூலிகைகளும் பழங்களும் வேர்களும் சேர்கின்றன. ஆல்கஹால் 35 சதவீதம். அதே மூலிகைக் கலவையில் அரபிகா காபியையும் கொக்கோவையும் சேர்த்ததுதான் இந்தக் காபி வகை. ஆல்கஹால் 33 சதவீதம்.

மெக்சிகோவின் கலூவாவும் காபி லிக்யூர்தானே என்று கேட்பார்கள். ஆமாம், ஆனால் அதில் ரம்மும் காபியும் சர்க்கரையும்தான் முக்கியம், மூலிகைக் கசப்பு கிடையாது. இரண்டையும் ஒரே கணக்கில் வைத்து ருசி பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

நம்ம நாக்குக்கு இது பிடிபடுமா? வெளிநாட்டுக்காரன் சமாச்சாரம் ஆயிற்றே?

தாராளமாகப் பிடிபடும். சொல்லப்போனால் இந்த வகையை ருசித்துப் பிரித்துச் சொல்ல நமக்கு இருக்கிற அளவுக்குப் பயிற்சி வேறு பலருக்கு இருக்காது. கசப்பையும் துவர்ப்பையும் சுவை என்று கணக்கில் வைத்துச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். வீட்டில் யாருக்காவது சளி பிடித்தால் சுக்கும் திப்பிலியும் அடுப்பில் கொதிக்கிற வாசனை எல்லோருக்கும் தெரியும். காலையில் டிகாக்‌ஷன் இறங்குகிற வாசனையும் தெரியும். இந்தப் பாட்டிலில் அந்த இரண்டும்தான் இருக்கின்றன.

அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: பாட்டிலைத் திறப்பதற்கு முன்னால் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போய் வாருங்கள். தருமபுரி கடைவீதியானாலும் கிருஷ்ணகிரி பழையபேட்டையானாலும் சரி, ஐம்பது நூறு ரூபாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் பொட்டலம் கட்டித் தருவார்கள். அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, ஏலக்காய், சுக்கு, அதிமதுரம், சித்தரத்தை, ஜாதிக்காய். கூடவே காய்ந்த ஆரஞ்சுத் தோல் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் வீட்டிலேயே பழத்தை உரித்து இரண்டு நாள் வெயிலில் போட்டால் போதும்.

வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றையும் தனித்தனியாக இடித்து, சின்னக் கிண்ணங்களில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மோந்து பாருங்கள். அதிமதுரத்தை ஒரு துண்டு கடித்து வாயில் அடக்கிக்கொள்ளுங்கள். முதலில் மண் மாதிரி இருக்கும், அப்புறம் இனிப்பு மெதுவாகக் கசியும். தொண்டை வரைக்கும் போய் ரொம்ப நேரம் நிற்கும். சித்தரத்தை இஞ்சிக்கு உறவு என்றாலும் கற்பூரம் கலந்தது போல மூக்கில் ஏறும். அன்னாசிப்பூவையும் சோம்பையும் மாற்றி மாற்றி மோந்து பாருங்கள், இரண்டிலும் அனெத்தோல் என்ற ஒரே வாசனை எண்ணெய்தான் முக்கியம் என்பதால் அண்ணன் தம்பி போல இருக்கும். ஆனால் அன்னாசிப்பூவில் கனம் கூடுதல்.

யேகர்மைஸ்டரின் முழுப் பட்டியல் ரகசியம். ஆனாலும் அன்னாசிப்பூ, பட்டை, இஞ்சி, ஏலக்காய், அதிமதுரம், ஆரஞ்சுத் தோல் ஆகியவை அதில் இருப்பதை அவர்களே சொல்கிறார்கள். இந்த வேலையைச் செய்துவிட்டு கிளாஸை எடுத்தால் ‘ஏதோ இருமல் டானிக் மாதிரி இருக்கு’ என்று சொல்லிக் கீழே வைக்க மாட்டீர்கள். டானிக் வாசனைக்குள் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்வீர்கள். அந்த சந்தோஷம் தனி.

எவ்வளவு ஊற்ற வேண்டும்? எந்த கிளாஸில்?

15 மில்லி. மிஞ்சினால் 30. கட்டிங், குவாட்டர் கணக்கு இதற்கு ஆகாது. வாய் கொஞ்சம் குறுகிய சின்னக் கண்ணாடி கிளாஸ் நல்லது, வாசனை மேலே தங்கும். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், நிறம் தெரியாது.

ஃப்ரீசரில் வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்கிறார்களே?

கம்பெனிக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், மைனஸ் 18 டிகிரி வரை. ஒரே மடக்காகக் குடிப்பவர்களுக்கு அது சுகம், ஏனென்றால் அந்தக் குளிரில் இனிப்பும் அடங்கும், ஆல்கஹால் எரிச்சலும் அடங்கும். ஆனால் வாசனையும் சேர்ந்து அடங்கிவிடும். ருசி பார்க்க உட்கார்ந்துவிட்டு வாசனையைப் பூட்டி வைப்பதில் என்ன பயன்?

அதற்காக அறை வெப்பத்தில் வைத்தும் பார்க்க முடியாது. ஐரோப்பாக்காரர்கள் அறை வெப்பம் என்று சொல்வது 18, 20 டிகிரியை. தருமபுரியில் ஏப்ரல் மாதம் மதியம் வீட்டுக்குள்ளேயே 35-ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் ஊற்றினால் ஸ்பிரிட் நெடிதான் முதலில் முகத்தில் அடிக்கும், காபி பின்னால் ஒளிந்துகொள்ளும். ஃப்ரிட்ஜின் சாதாரணத் தட்டில் பாட்டிலை வைத்து எடுத்து, கிளாஸில் ஊற்றி, ஐந்து பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். ஓசூர்க்காரர்களுக்கு இந்த விஷயத்தில் கொடுப்பினை. கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர் என்பதால் மார்கழி, தை மாத ராத்திரியில் ஃப்ரிட்ஜ்கூடத் தேவைப்படாது.

வாயில் வைத்தால் வரிசையாக என்ன தெரிய வேண்டும்?

இதுதான் தெரிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு வேறு மாதிரி வந்தால் அதுவும் சரிதான்.

கிளாஸை வெளிச்சத்துக்கு நேரே சாய்த்தால் நடுவில் கறுப்பு, விளிம்பில் செம்பழுப்பு. சுழற்றினால் பாகு மாதிரி மெதுவாக இறங்கும், சர்க்கரை அதிகம் என்பதற்கு அடையாளம். மூக்கைக் கிளாஸுக்குள் நுழைக்காமல் நாலு விரல் தள்ளி வைத்து மோந்து பாருங்கள். முதலில் காபி, கூடவே கறுப்பு சாக்லெட். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி மோந்தால் காபி கொஞ்சம் விலகி நிற்கும், பின்னாலிருந்து அன்னாசிப்பூ வரும். அப்புறம் ஆரஞ்சுத் தோல். இந்த வரிசையைப் பிடிப்பதற்காகத்தான் அவசரப்படக்கூடாது என்கிறேன்.

ஒரு ஸ்பூன் அளவு வாயில் எடுத்து நாக்கு முழுக்கப் பரவ விடுங்கள். முதல் அடி இனிப்பு, எனக்கு அது கொஞ்சம் கூடுதல்தான். உடனே காபி. நடுவில் பட்டையும் கிராம்பும் சேர்ந்த ஒரு கார்ப்பு. விழுங்கும்போது வேர்க் கசப்பு, நாக்கின் ஓரங்களில் லேசான துவர்ப்பு. விழுங்கியபின் வாயை மூடி, மூச்சை மூக்கு வழியாக வெளியே விடுங்கள். தயவுசெய்து இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வாயில் இருந்தபோது தெரியாத அதிமதுரமும் ஏலக்காயும் அப்போதுதான் வரும், ஏனென்றால் நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு தொண்டைக்குப் பின்னால் மூக்குக்கு ஏறும் வாசனைதான்.

அறுசுவையில் இதில் புளிப்பு மிகக் குறைவு, உவர்ப்பு இல்லவே இல்லை. மற்ற நாலும் உண்டு. ஒரு தாளில் ஆறு பெயரையும் எழுதி, பக்கத்தில் எதற்கு எவ்வளவு என்று குறித்துப் பாருங்கள். நாலு பேர் தனித்தனியாக எழுதிவிட்டு ஒப்பிட்டுப் பார்த்தால் நல்ல பேச்சு கிடைக்கும்.

நம்ம ஃபில்டர் காபி வாசனை இதில் இல்லையே, ஏன்?

மூன்று காரணம். நம் தூளில் சிக்கரி இருக்கும். வறுத்த சிக்கரி வேரின் கருகிய வெல்ல வாசனையைத்தான் பலர் காபி வாசனை என்றே நினைக்கிறோம். இரண்டாவது, நம் கடைத்தூளில் பெரும்பாலும் ரொபஸ்டா என்ற காபி வகையும் கலந்திருக்கும், இதில் அரபிகா. மூன்றாவது, கோல்ட் ப்ரூ என்பது கரகரப்பாக அரைத்த தூளைப் பச்சைத் தண்ணீரில் 12 முதல் 24 மணி நேரம் ஊறவைத்து எடுப்பது. கொதிநீர் படாததால் கசப்பும் புளிப்பும் குறைவாகவே இறங்கும், சாக்லெட் பக்கம் சாயும். ஏற்காட்டுப் பக்கம் போகும்போது சேர்வராயன் மலையில் விளைந்த அரபிகாவைச் சிக்கரி இல்லாமல் வாங்கி வந்து ஒருமுறை இப்படி ஊறவைத்துக் குடித்துப் பாருங்கள். பாட்டிலில் இருக்கும் காபி எது என்று உடனே புரியும்.

தண்ணீர், ஐஸ், பால், கோலா, என்ன கலக்கலாம்?

முதல் சில வாய் எதுவும் கலக்காமல். அப்புறம் சில துளி தண்ணீர் விட்டு மறுபடி மோந்து பாருங்கள், மூலிகைப் பக்கம் இன்னும் திறக்கும். பெரிய ஐஸ் துண்டு ஒன்று போட்டால் இனிப்பு மட்டுப்படும். குளிர்ந்த கறுப்புக் காபியோடு நன்றாகச் சேரும். சூடான பால் காபியில் ஊற்றாதீர்கள், பால் திரிந்துபோகலாம், திரியாவிட்டாலும் பாலும் அதிமதுரமும் ஒட்டாது. கோலா ஊற்றினால் கோலாதான் தெரியும். எனர்ஜி டிரிங்க் கலப்பது வேண்டவே வேண்டாம், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

தொட்டுக்க என்ன?

நிப்பட்டும் (தட்டை) மிளகாய்த்தூள் போட்ட கடலையும்தான் எல்லோருக்கும் கைக்கு வரும். இதற்கு அவை சரிவராது. மிளகாயின் காரமும் ஆல்கஹாலும் வாய்க்குள் சூட்டை உணரும் ஒரே நரம்பு உணரியைத்தான் தூண்டுகின்றன. இரண்டும் சேர்ந்தால் எரிச்சல் பெருகி வாசனை போய்விடும். உப்பு மட்டும் போட்டு வறுத்த வேர்க்கடலை, கறுப்பு சாக்லெட் ஒரு துண்டு, கமலா ஆரஞ்சுச் சுளை, இவை பொருந்தும். கிருஷ்ணகிரி மாம்பழத்தோடு முயன்று பார்த்திருக்கிறேன். பழம் தனியாகவே நன்றாக இருக்கிறது. அதை விட்டுவிடலாம்.

சாப்பாட்டுக்கு அப்புறம் எடுப்பதுதான் இதன் வழக்கம். வெறும் வயிற்றில் வேண்டாம்.

56 மூலிகை இருக்கிறதே, உடம்புக்கு நல்லதுதானே?

இல்லை. இந்தக் கேள்விக்கு நான் வளைத்துப் பதில் சொல்ல மாட்டேன். மூலிகை என்ற பெயரைக் கேட்டதும் கஷாயம் போல நினைத்து, ‘ஜீரணத்துக்கு நல்லது’ என்று பெரியவர்களுக்கு ஊற்றிக் கொடுக்கிறார்கள். 30 மில்லியில் ஏறக்குறைய 8 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. அதே 30 மில்லி பிராந்தியில் சுமார் 10 கிராம். வித்தியாசம் அவ்வளவுதான். ஆல்கஹால் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு எப்போதோ வகைப்படுத்திவிட்டது, பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகவே சொன்னது. மூலிகை அதில் வாசனைக்காக இருக்கிறது.

ருசிக்காக, எப்போதாவது, கொஞ்சம் என்று நினைத்தால் தெரிந்தே அதைச் செய்யுங்கள். மருந்து என்று சொல்லிக்கொண்டு செய்யாதீர்கள். கஷாயம் வேண்டுமானால் சுக்கு வீட்டில் இருக்கிறது.

காபி கலந்திருப்பதால் போதை தெரியாதாமே? வண்டி ஓட்டலாமா?

போதை தெரியாமல் போவதுதான் ஆபத்து. காபியில் உள்ள கஃபீன் தூக்கக் கலக்கத்தை மறைக்கும், ரத்தத்தில் இருக்கிற ஆல்கஹாலை ஒரு துளிகூடக் குறைக்காது. தெளிவாக இருப்பதாகத் தோன்றும், கை கால் தாமதிக்கும். இந்த லிக்யூரில் கஃபீன் குறைவுதான், ஆனால் மேலே எனர்ஜி டிரிங்கும் ஊற்றினால் கதை மாறிவிடும். கஃபீன் சேர்த்த மது பானங்களைத் தயாரித்த நான்கு கம்பெனிகளுக்கு அமெரிக்க உணவு, மருந்துத் துறை 2010-லேயே எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது இதனால்தான்.

வண்டியைத் தொடாதீர்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். தொப்பூர்க் கணவாய் வழியாகப் போய் வருபவர்களுக்கு, தெளிவாக இருக்கும்போதே அந்த இறக்கம் எப்படிப்பட்டது என்று நான் சொல்லத் தேவையில்லை.

சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். ஒரு வாய் பரவாயில்லையா?

டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். இன்சுலினும் சில சுகர் மாத்திரைகளும் மதுவோடு சேரும்போது சர்க்கரை திடீரென இறங்கிவிடலாம். லிக்யூரின் இனிப்பு வேறு முதலில் அதை ஏற்றிவிட்டுக் குழப்பும். தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை எடுப்பவர்கள், கல்லீரல் தொந்தரவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இவர்களுக்குக் கேள்வியே இல்லை, கூடாது. குடியை விட்டு மீண்டு வந்தவர் வீட்டில் இருந்தால் பாட்டிலையே அங்கே கொண்டு போகாதீர்கள்.

பெங்களூரில் வாங்கி ஓசூர் வழியாகக் கொண்டு வரலாமா?

பக்கத்து மாநிலத்தில் வாங்கிய மதுவை அனுமதி இல்லாமல் தமிழ்நாட்டுக்குள் கொண்டு வருவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். எல்லையில் உள்ள ஜூஜூவாடியில் சோதிப்பது அதற்காகத்தான். வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வருபவருக்கு 2 லிட்டர் வரை சுங்க வரி இல்லாமல் விடுவார்கள். சுங்கச் சலுகை வேறு, மாநிலச் சட்டம் வேறு என்பதை மச்சானிடம் சொல்லி வையுங்கள். ருசி பார்ப்பதுதான் ஆசை என்றால் பெங்களூரில் ஒரு கிளாஸ் ருசித்துவிட்டு ரயிலிலோ பஸ்ஸிலோ ஊர் திரும்புவது எளிது.

இந்தச் சட்டத்துக்கும் நம் மண்ணுக்கும் பழைய தொடர்பு உண்டு. ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்தபோது 1937 அக்டோபர் 1 அன்று முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது சேலத்துக்குள் இருந்தன. தருமபுரி தனி மாவட்டமானது 1965-ல், அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-ல்.

மூலிகையும் காபியும் நம்மிடமே இருக்கிறது. வீட்டில் ஊறவைத்துச் செய்யலாமா?

வேண்டாம். மது தயாரிப்பது, கலப்பது எல்லாம் உரிமம் சம்பந்தப்பட்ட விஷயம். அதைவிட முக்கியம், ‘நல்ல ஸ்பிரிட் கிடைக்கும்’ என்று யாராவது கேனில் கொண்டு வந்து கொடுப்பதை நம்பவே கூடாது. மெத்தனால் என்ற விஷச் சாராயத்தை வாசனையால் கண்டுபிடிக்க முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல் செத்துப்போனது அந்த மெத்தனாலால்தான். எத்தனை வீடுகள் அனாதையாயின என்று நினைத்தாலே மனசு பதறுகிறது. லேபிளும் சீலும் இல்லாத எதையும் வாயில் வைக்காதீர்கள்.

நான் குடிப்பதில்லை. ஆனால் இந்த ருசி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசை.

இந்தக் கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆல்கஹால் இல்லாமலே முக்கால்வாசிக்குப் பக்கத்தில் போகலாம்.

காபித் தூள் கடையில் சிக்கரி போடாமல், ரவை பதத்துக்கு அரைத்துத் தரச் சொல்லுங்கள். 30 கிராம் தூளை 300 மில்லி தண்ணீரில் போட்டு, அதோடு தட்டிய ஏலக்காய் இரண்டு, அன்னாசிப்பூவில் இரண்டு இதழ், சின்னத் துண்டு பட்டை, நகம் அளவு அதிமதுரம், வெள்ளைப் பகுதி நீக்கிய ஆரஞ்சுத் தோல் ஒரு கீற்று சேருங்கள். மூடி ஃப்ரிட்ஜில் ராத்திரி முழுக்க வையுங்கள். கிராம்பும் சேர்ப்பதானால் ஒன்றே போதும், அதற்கு மேல் போட்டால் பல்வலித் தைலம் மாதிரி ஆகிவிடும், கவனம்.

காலையில் வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். பிழியாதீர்கள், பிழிந்தால் வண்டல் இறங்கும். இன்னொரு பக்கம் ஒரு துண்டு சுக்கையும் இரண்டு இணுக்கு நிலவேம்பையும் கால் டம்ளர் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். வேர்க் கசப்புக்கு இது. பனைவெல்லத்தை இளகிய பாகாகக் காய்ச்சி வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள். காபியில் பாகை ஊற்றி, நிலவேம்புத் தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகச் சேர்த்து ருசி பார்த்துக்கொண்டே வாருங்கள். இனிப்பு முதலில் வந்து, காபி நடுவில் நின்று, கசப்பு கடைசியில் தங்குகிற இடம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். பிரஷர் உள்ளவர்கள் அதிமதுரத்தை விட்டுவிட வேண்டும், அது ரத்த அழுத்தத்தை ஏற்றும்.

குளிரக் குளிர, சின்ன கிளாஸில் 30 மில்லி. மேலே சொன்ன அதே முறையில் மோந்து, பரப்பி, மூக்கு வழியாக மூச்சு விட்டுப் பாருங்கள். பாட்டில் சரக்கில் இருக்கும் எரிப்பும் கனமும் இதில் இருக்காது, வாசனை வரிசை அப்படியே இருக்கும். பாகோடு சேர்த்து மூன்று நாளைக்குள் முடித்துவிடுங்கள்.

திறந்த பாட்டில் கெட்டுப்போகுமா?

33 சதவீத ஆல்கஹாலும் அவ்வளவு சர்க்கரையும் இருப்பதால் கெட்டு நாறாது. ஆனால் காபி வாசனைதான் முதலில் வெளுக்கும், மாதங்கள் போகப் போக மூலிகை மட்டும் மிஞ்சும். மூடியை இறுக்கி, வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். கழுத்தில் சர்க்கரை உறைந்து மூடி ஒட்டிக்கொண்டால் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி ஒரு நிமிடம் விட்டுத் திருகினால் திறந்துகொள்ளும். பிள்ளைகள் கைக்கு எட்டாத அலமாரியில், பூட்டு உள்ளதாகப் பார்த்து வையுங்கள். இனிப்பும் சாக்லெட் வாசனையும் இருப்பதால் டானிக் பாட்டில் என்றோ காபி சிரப் என்றோ நினைத்துவிடுவார்கள்.